‘என் கூட்டாளி’: தோட்டத்து ஊரில் ஒரு காதல் நகைச்சுவை ஓடும் விதம்

மலேசியாவில் நண்பனுக்குக் கூட்டாளி என்று பெயர். தமிழ்நாட்டு நாளிதழில் இந்தச் சொல் வந்தால் அடுத்த வரியில் பெரும்பாலும் போலீஸ் வரும். இங்கே பள்ளிக்கூடக் கூட்டாளி, கோயில் கூட்டாளி, ஒரே மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்வரும் கூட்டாளி என்று ஆளுக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். முப்பது வயதில் ஒருவன் இன்னொருவனை வீட்டுக்கு அழைத்து வந்து, “ம்மா, இது என் கூட்டாளி” என்கிறான். சொன்னதில் துளிப் பொய் இல்லை. அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் பாதிதான். மீதிப் பாதி எப்போது, யார் வாயால் சேரப்போகிறது என்பதுதான் கதை.

தன்பாலீர்ப்புள்ள நண்பர்களைப் பற்றிய இலேசான காதல் நகைச்சுவை பெருநகரத்தில் வளர்ந்த வகை. நாலு நண்பர்கள், ஒரு வாடகை வீடு, வழக்கமாக உட்காரும் ஒரு கடை, பழைய காதலன் எதிர்ப்படும் ஒரு விருந்து, கடைசியில் ஓடிப்போய்ச் சொல்லும் ஒரு வார்த்தை. மலேசியாவில் இரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை ஒட்டிய சுங்கை சிப்புட்டையோ பீடோரையோ பகாவையோ களமாக வைத்து எழுதுகிறவர்கள் இந்த அமைப்பை அப்படியே தூக்கி வந்து, ஹிப்ஸ்டர் கஃபேயை மாமாக் கடையாக (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடுகிறது. நகரத்துக் கதையை இயக்குவது அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது என்பது. தெருவில் கை கோத்து நடந்தால் பார்ப்பவன் யாரோ. தோட்டத்து ஊரில் பார்ப்பவர் உங்கள் பாலர்பள்ளி ஆசிரியை, இல்லாவிட்டால் உங்கள் அப்பாவோடு மரம் சீவியவர். நகரத்தில் பொருந்துகிற கருவிகள் இங்கே பொருந்தா. இங்கே பொருந்துகிற கருவிகள் வேறு. அவை நம் கையிலேயே ரொம்ப நாளாக இருக்கின்றன.

முதலில் ‘சந்தோஷ முடிவு’ என்ற விஷயத்தை முடித்துவிடலாம். காதல் நகைச்சுவைக்கு அது அலங்காரம் அன்று, அடித்தளம். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் இரண்டு ஆண்கள் காதலித்துச் சேர்ந்து வாழும் ஒரு நாவலை 1913–14இல் எழுதினார். அது அச்சானது 1971இல், அவர் இறந்த மறு ஆண்டு. காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தாலோ பிரிந்திருந்தாலோ முன்பே வெளியிட்டிருக்கலாம். அவர்கள் சேர்ந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால்தான் அத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்தது. தன்பாலீர்ப்புக் கதையில் துயர முடிவு எப்போதுமே சுலபமாக அனுமதி பெற்றுவிடும். இலேசான நகைச்சுவை அந்த அனுமதியைக் கேட்காமல் நடப்பது. ஆகவே பதினோராம் அத்தியாயத்தில் கதாநாயகனை லோரி அடித்துவிட்டது என்று எழுதுவது ஆழம் அன்று. ஒப்பந்த மீறல்.

சட்டம் எங்கே உட்காரவேண்டும்

ஆணும் ஆணும் உறவுகொள்வதைத் தண்டிக்க இடமளிக்கும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. இவற்றின் வேர் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்வதை அந்நாட்டு 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் ஒரு பாத்திரத்துக்கு, ஒரு கிலோமீட்டர் பாலத்தின் இந்த முனையில் ஒரு சட்டம், அந்த முனையில் இன்னொன்று. முஸ்லிம் பாத்திரம் ஒருவர் இருந்தால் அவருக்கு மாநில ஷரியா சட்டங்களும் சேர்ந்து வரும். நாலு கூட்டாளிகளில் ஒருவர் மலாய்க்காரர் என்றால், அவர் எடுக்கும் ஆபத்தும் தமிழ்ப் பையன் எடுக்கும் ஆபத்தும் ஒன்றில்லை. அதைச் சமமாகக் காட்டுவது அறியாமை.

திருமணமும் அப்படியே. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஆளும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது; இருவரில் ஒருவர் ஆண், ஒருவர் பெண் இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது என்று அதில் எழுதியே இருக்கிறது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினர் மணக்கலாம். ஆனால் மலேசியப் பாத்திரங்களைக் கடைசி அத்தியாயத்தில் பாங்காக்குக்கு விமானம் ஏற்றிவிடுவது சோம்பேறித்தனம். ஊரில் போட்ட முடிச்சை ஊரில்தான் அவிழ்க்கவேண்டும்.

இவ்வளவையும் எழுத்தாளர் தெரிந்துகொள்ளவேண்டும். கதையில் இதில் பத்தில் ஒரு பங்கு போதும். சட்டத்தைப் பற்றி ஒரு பாத்திரம் இரண்டு பக்கம் பேசினால் அது கருத்தரங்கு. சட்டமே இல்லாத மாதிரி இருவரும் பேருந்து நிலையத்தில் முத்தமிட்டுக்கொண்டால் அது கனவுப் பாட்டு. சின்னச் சின்ன பழக்கங்களில் காட்டலாம்: இருவரும் சேர்ந்து எடுத்த படம் எதுவும் முகநூலில் இருக்காது, ஹோட்டலில் தனித்தனியாக இரண்டு கட்டில் போட்ட அறைதான் கேட்பார்கள், கைப்பேசியில் அவன் பெயர் ‘டயர் கடை’ என்று பதிவாகியிருக்கும். வாசகன் புரிந்துகொள்வான்.

அச்சிடுவோருக்கு இன்னொன்று. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடை செய்யலாம். தடை செய்த நூலை அச்சிட்டு விற்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லவேளையாக இந்த வகைக் கதைக்குப் படுக்கையறைக் காட்சி தேவையே இல்லை. கதவு சாத்தும் சத்தத்தோடு அத்தியாயம் முடிவதுதான் இதன் மரபு. லய வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அந்தச் சத்தத்துக்கே ஆறு வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அலர் என்ற எஞ்சின்

சங்க அகப்பாடல் ஆணும் பெண்ணும் காதலிப்பதைப் பற்றியது. அதில் வேறொன்றைத் தேடிப் பிடித்து ‘அன்றே இருந்தது’ என்று காட்டத் தேவையில்லை. எடுத்துக்கொள்ளவேண்டியது அதன் இயந்திரத்தை. மறைத்துக் காதலிப்பவர்கள், கூடவே தோழி, கண்கொத்திப் பாம்பாகத் தாய், வாய் ஓயாத ஊர், சந்திக்கக் குறித்த இடம், அந்தச் சந்திப்பு கெட்டுப்போக நூறு காரணம். ஊர் பேசுவதை அம்பல், அலர் என்று இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், எல்லோருக்கும் கேட்கப் பேசுவது அலர். குறளில் அலருக்கென்றே 115ஆம் அதிகாரம். அதில் 1146ஆம் குறளில் ஒருத்தி அங்கலாய்க்கிறாள்: நான் பார்த்தது ஒரே ஒரு நாள், ஊர்ப் பேச்சோ நிலவைப் பாம்பு விழுங்கிய செய்தி மாதிரி பரவிவிட்டதே என்று. ஒரு தடவை தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்ததற்கே ஊர் கல்யாணம் பேசும் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தோட்டத்து ஊரில் அம்பல் எந்த வழியில் அலராகிறது என்று எழுத்தாளர் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளவேண்டும். யார் முதலில் பார்த்தார், அவர் யாரிடம் சொன்னார், எந்த வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது, அம்மாவை எட்டும்போது என்னவாக மாறியிருந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் செய்தியில் ஒரே ஒரு விவரம் மட்டும் மாறவேண்டும். இரண்டு மாறினால் வாசகனுக்குத் தடம் தப்பிவிடும், எதுவும் மாறாவிட்டால் சிரிப்பு இல்லை. ‘வாத்தியாரும் லோரிக்காரனும் ஈப்போவில் சட்டை வாங்கினார்கள்’ என்பது, நாலாவது வாயில் ‘வாத்தியாருக்கு ஈப்போவில் பெண் பார்த்தாகிவிட்டது, லோரிக்காரன்தான் தரகு’ என்று ஆகவேண்டும். உண்மைக்கு மிக அருகில், முழுக்கத் தப்பாக.

(வாத்தியார், லோரிக்காரன் என்பவர்கள் இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுப் பாத்திரங்கள். அகத்தில் யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். தோட்டத்து ஊரிலும் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, வேலையைச் சொன்னால்தான் தெரியும்.)

அகத்துறையில் சிறைப்புறம் என்று ஓர் உத்தி உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். பேச்சு உண்மையில் அவனுக்கு. லய வீடுகளை இந்த உத்திக்கென்றே கட்டினார்களோ என்று தோன்றும். வரிசையாக ஒட்டிய வீடுகள். பழைய பலகை லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்மல். ஆகவே வாத்தியார் தன் அக்காவிடம், “நாளைக்கு ஏழு மணிக்கு இரவுச் சந்தைக்குப் போறேன்கா, பலகாரக் கடைப் பக்கம்” என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னால், அது அக்காவுக்கான தகவல் இல்லை. சிரிப்பு வருவது, அதே தகவலை எடுத்துக்கொண்டு இடது பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஏழு மணிக்குப் பலகாரக் கடையில் வந்து நிற்கும்போது.

இன்று பல தோட்டங்களில் லயங்கள் இல்லை. இரப்பர் போய்ச் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வந்தது, தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நம் ஆட்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு நகர்ந்தார்கள். இணைப்பு வீடுகளில் சுவர் கூரை வரை எழும்பியிருக்கிறது. ஆனால் முன்வாசலில் நிறுத்திய மோட்டாரின் எண் எல்லோருக்கும் மனப்பாடம். சுவர் செய்த வேலையை இப்போது எண் தகடு செய்கிறது.

டேட்டிங் செயலியும் அப்படித்தான். நகரத்துக் கதையில் செயலியைத் திறந்தால் ஆள் குவியும். தோட்டத்து ஊரில் முதல் ஆள் 15 கிலோமீட்டரில், அடுத்தவர் ஈப்போவில். ஒரு நாள் திடீரென்று 40 மீட்டர் என்று ஒரு முகமில்லாத படம் வருகிறது. கழுத்துக்குக் கீழ் மட்டும் தெரிகிற படம். பின்னணியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் கோயில் திருவிழா ஸ்டிக்கர். முகத்தை மறைத்தவன் தொட்டியை மறைக்கவில்லை. இந்தக் காட்சி ஒரு தடவைதான் செல்லும், கதையின் நடுவில். அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் தேடலே இல்லாமல் போய்விடும்.

‘அவங்க’ எத்தனை அத்தியாயம் தாங்கும்

தமிழில் எழுதுபவருக்கு மொழியே தூக்கிக் கொடுக்கும் பரிசு, பேச்சு வழக்கின் ‘அவங்க’. மரியாதையில் ஆண்பாலா பெண்பாலா என்பது மறைந்துவிடும். வாத்தியாரைப் பற்றி லோரிக்காரனிடம் அவன் அம்மா கேட்கிறாள்:

“அவங்க என்னா வேலை செய்றாங்க?”

“தமிழ்ப்பள்ளியில படிச்சுக் கொடுக்குறாங்கம்மா.”

“டீச்சரா! நல்ல வேலை. கவர்மெண்டு பென்ஷன்.”

தமிழ்ப்பள்ளியில் பெண் என்றால் டீச்சர், ஆண் என்றால் சார். அந்தச் சொல்லை அம்மாவே சொல்லிக்கொண்டாள், மகன் சொல்லவில்லை. இது முக்கியம். இந்த வகையில் நாயகன் பொய் சொன்னால் வாசகனின் அன்பு குறைந்துவிடும். ஊர் தானாகத் தப்பாகப் புரிந்துகொள்ளவேண்டும். அவன் செய்கிற ஒரே தவறு திருத்தாமல் விடுவது.

பேச்சுத் தமிழில் வினைமுற்றும் கைகொடுக்கும். ‘வந்தாள்’ என்பதில் ளகரம் அடியோடு விழுந்து ‘வந்தா’ ஆகிவிடும். ‘வந்தான்’ என்பதில் னகரம் தேய்ந்து மூக்கொலியாக மட்டும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மூக்கு. செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து இரண்டு கோடு சிக்னலில் பேசும்போது அந்த மூக்கும் போய்விடும். மகனுக்கு ஜலதோஷம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் இந்தக் கதையை எழுதினால் முதல் வாக்கியத்திலேயே குட்டு உடையும்.

ஆனால் இந்த வித்தையை மூன்று அத்தியாயத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. நாலாவதில் வாசகன், ‘இந்த அம்மா ஒரு படம் கூடவா கேட்கமாட்டாள்?’ என்று கேட்பான். நியாயமான கேள்வி. அம்மா படம் கேட்கும் இடத்தில் வித்தை முடியவேண்டும், அல்லது வேறொரு சிக்கலாக மாறவேண்டும். அவன் கைப்பேசியில் இருக்கும் ஒரே படம் பள்ளி விளையாட்டுப் போட்டிக் குழுப்படம், அம்மா அதில் உண்மையிலேயே ஒரு டீச்சரைச் சுட்டி, “இந்தப் பச்சைச் சேலைதானே?” என்கிறாள். அந்த டீச்சர்தான் நாலு கூட்டாளிகளில் நாலாவது. விஷயம் தெரிந்தவள். அகத்தில் தோழிக்கு இருக்கும் வேலை முழுவதும் இனி அவள் தலையில்.

அவளை எழுதும்போது கவனம் வேண்டும். பெண் கூட்டாளியை வெறும் முட்டுக்கட்டையாகவோ மறைப்புத் துணியாகவோ பயன்படுத்துவது இந்த வகையின் பழைய நோய். அவளுக்கென்று ஒரு காரியம் இருக்கட்டும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறாள், அல்லது தன் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைத் தட்டிக் கழிக்க இந்த வதந்தி அவளுக்கும் வசதியாக இருக்கிறது. அப்போதுதான் உதவி பண்டமாற்று ஆகிறது, தியாகம் ஆவதில்லை.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் கட்டுரைக்கு நல்லவை. கதையின் உரையாடலில் சுங்கை சிப்புட் இளைஞன் ஒருவன், “நான் தன்பாலீர்ப்பாளன்” என்றால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். ‘கே’ என்று தமிழில் எழுதினால் அது இனிஷியல் மாதிரி தெரிகிறது, அல்லது கோலாலம்பூரைச் சுருக்கிச் சொல்லும் ‘கேஎல்’ என்பதில் பாதி விட்டுப்போன மாதிரி. ஊரார் வாயில் ‘அவன் ஒரு மாதிரி’ என்பதுதான் வரும், கோபத்தில் ‘பொண்டான்’ வரும். வசவை எழுதலாம், ஆனால் சிரிப்பு அதைச் சொன்னவன் மேல் விழவேண்டும். தமிழ் சினிமா பெண்மை கலந்த ஆணை நடக்கவிட்டுச் சிரிக்கவைத்துப் பழகியிருக்கிறது. நடையைப் பார்த்துச் சிரிக்கும் வாக்கியம் ஒன்று நழுவி விழுந்தாலும், யாருக்காக எழுதுகிறீர்களோ அந்த வாசகன் அங்கேயே மூடி வைத்துவிடுவான்.

24 மணி நேரக் கடிகாரம்

லோரிக்காரன் என்ற வேலை சும்மா எடுத்ததில்லை. அறுத்த செம்பனைப் பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவேண்டும். தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், விலை வெட்டுவார்கள். ஒரே மரத்துக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை அறுப்புச் சுற்று வரும். ஆலை வாசலில் லோரிகள் வரிசை நின்றால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சந்திப்பு கெட்டுப்போக அகப்பாடலில் நாய் குரைக்கும், நிலவு வெளிச்சம் காட்டும், தாய் தூங்கமாட்டாள். இங்கே பழம் காத்திருக்காது. இன்னொரு வசதி, தீபகற்பத்தில் விளைச்சல் உச்சம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் எல்லோரும் ஊருக்கு வரும் நேரத்தில்தான் லோரிக்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

கேஎல்லில் வேலை பார்க்கும் கூட்டாளிகள் இருவருக்கு இரயில்தான் கடிகாரம். மின்சார இரயிலில் தலைநகரிலிருந்து ஈப்போ இரண்டரை மணி நேரம், இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் சுங்கை சிப்புட். பண்டிகைக்குச் சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று நாள் விடுப்பு, இரண்டு நாள் ஊரில். நகரத்தில் நான்கு மாதம் நடக்கும் கதையை இங்கே இரண்டு நாள்களில் அடுக்கலாம், ஏனென்றால் நெருக்கடி காலண்டரிலேயே இருக்கிறது.

தொடராக எழுதுவதென்றால் 12 அத்தியாயம், ஒன்று 1,200 சொல் வாக்கில், வசதியான அளவு. இருவரும் இரண்டாம் அத்தியாயத்துக்குள் சந்தித்துவிடவேண்டும். நடுவில் அலர், பெண் பார்க்கும் படலம், தண்ணீர்த் தொட்டி. பிரிவு ஒன்பதாம் அத்தியாயத்தில். பிரிவுக்கு வில்லன் வேண்டாம். பெரிய சண்டை கூட வேண்டாம். ஆலை மேலாளர் முன்னால், “யார் இது?” என்று கேட்டதற்கு லோரிக்காரன், “சும்மா, தெரிஞ்சவரு” என்கிறான். கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பயத்தில் அந்தச் சொல்லைக்கூடக் கைவிட்டான். வாத்தியார் ஒன்றும் பேசாமல் மோட்டாரைத் திருப்புகிறார். இதைவிடப் பெரிய அடியை இந்தக் கதை தாங்காது.

பார்த்தால் எல்லோருக்கும், புரிந்தால் ஒருவருக்கு

நகரத்துக் கதையின் உச்சம் பகிரங்கமான அறிவிப்பு. விமான நிலையத்தில் ஓடுவது, மேடையில் மைக்கைப் பிடுங்குவது. தோட்டத்து ஊரில் அப்படி அறிவித்தால் மறுநாள் கதை நகைச்சுவையாக இருக்காது. ஆகவே உச்சக் காட்சிக்கு இரண்டு அடுக்கு வேண்டும்: ஊர் முழுக்கப் பார்க்கவேண்டும், பார்ப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கவேண்டும், ஒருவனுக்கு மட்டும் இன்னொரு அர்த்தம் போய்ச் சேரவேண்டும். இதற்கு முன்னோட்டமாக ஆறாம் அத்தியாயத்திலேயே சின்னதாக ஒன்றைக் காட்டிவிட்டால், பெரியது வரும்போது வாசகனுக்கு விளக்கம் தேவைப்படாது.

சின்னது: மாரியம்மன் கோயில் திருவிழா, அன்னதானச் சமையல். 400 பேருக்கு 40 கிலோ அரிசி, 14 கிலோ பருப்பு, மூன்று அண்டா. காய் நறுக்குவது வாத்தியாரும் பச்சைச் சேலை டீச்சரும். பெரிய அண்டாவில் கத்தரிக்காய் போடுவதற்கு முன் வாத்தியார் ஒரு சின்ன வாளியில் சாம்பாரைத் தனியாக மொண்டு மூடி வைக்கிறார்.

“இது யாருக்குத் தம்பி தனி வாளி?”

“லோரிக்கார அண்ணனுக்கு, அத்தை. கத்தரிக்காய் பட்டா அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சிரும்.”

“இருபது வருசமா பக்கத்து வீடு நான். எனக்கே தெரியாதே. உனக்கு எப்படித் தெரியும்?”

கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. தோழியின் வேலை இங்கே.

“என்னா அத்தை நீங்க? ஊருக்கே தெரியும்.”

அத்தை ஒரு விநாடி யோசிக்கிறாள். ஊருக்கே தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதா? “ஆமா ஆமா, சின்னப் பிள்ளையிலயே அவனுக்கு அப்படித்தான். அவங்கம்மா என்கிட்ட சொல்லி அழுவா.” சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டில் லோரிக்காரனின் கத்தரிக்காய் ஒவ்வாமை பற்றி நேரில் பார்த்த சாட்சிகள் கிடைத்துவிடுகிறார்கள்.

இந்தக் காட்சி ஓடுவது, கடைசியாகத் தெரிந்துகொண்டவர் என்ற பெயர் எவருக்கும் பிடிக்காது என்பதால். மாட்டிவிட வந்த அலர், ஒரே வாக்கியத்தில் திசை மாறிக் காவலுக்கு நிற்கிறது. கெடுக்கும் வழிகளும் உண்டு. அத்தையை முட்டாளாக்கினால் கெடும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கவும் கூடும் என்ற இடத்தை விட்டு வைக்கவேண்டும். கதைசொல்லி குறுக்கே வந்து, ‘அந்த வாளியில் இருந்தது சாம்பார் அல்ல, காதல்’ என்று எழுதினால் மொத்தமும் ஊற்றிக்கொண்டது. ஊரை ஒட்டுமொத்தக் கொடுங்கோலனாகக் காட்டினாலும் கெடும். தலைமுறை தலைமுறையாக ஒருவர் பிணத்தை ஒருவர் தூக்கிய ஊர் அது. தப்பிப்பதற்கான இடமாக மட்டும் கேஎல்லைக் காட்டுவது அதே தவறின் மறுபக்கம்.

ஓய்வு பெற்ற கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவரையும் அவரோடு முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் இன்னொரு கட்டைப் பிரம்மச்சாரியையும் ஓரத்தில் உட்காரவைத்தால் நல்லது. யாரும் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம். கோயில் கணக்கு எழுதுவது அந்தக் கிராணியாக இருக்கட்டும்.

பெரியது அவர் மேசையில் நடக்கிறது. திருவிழாவில் உபயம் கொடுப்பவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். குடும்பமாகக் கொடுத்தால் கணவன் மனைவி பெயர் சேர்ந்து வரும். பதினோராம் அத்தியாயத்தில் தேரன்று, ஆலை வரிசையிலிருந்து புழுதியோடு வந்த லோரிக்காரன் 101 வெள்ளியை மேசையில் வைக்கிறான். கிராணி பேனாவோடு நிமிர்ந்து, “யார் பேருல?” என்கிறார். அவன் தன் பெயரைச் சொல்லி நிறுத்தி, வாத்தியார் பெயரையும் சொல்கிறான். “எப்படிப் போடுறது?” “கூட்டாளின்னு போடுங்க கிராணி ஐயா.” கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக, அழகான கையெழுத்தில் எழுதுகிறார். ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி வாசிக்கிறது. ஊர் காதில் விழுந்தும் விழாமலும் அடுத்த உபயத்துக்குப் போய்விடுகிறது. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் ஒரே இடத்தில் இரண்டு இலை போட்டுவிடுகிறார்.

பன்னிரண்டாவது அத்தியாயம் சின்னதாக இருக்கட்டும், 600 சொல் போதும். அம்மா ஏற்றுக்கொண்டாளா என்று வசனத்தில் கேட்கக்கூடாது. திருவிழா முடிந்த மறுநாள் அவள் மகனின் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுக்கிறாள், எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பிறகு சாமி மேடைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து, மூத்த மகன் மருமகள் பெயரிலும் மகள் மருமகன் பெயரிலும் வருடாவருடம் வந்த ரசீதுகளோடு இதையும் அடுக்கி, இரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி மூடி வைக்கிறாள். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. நறுக்கிய கத்தரிக்காய் தட்டிலேயே இருக்கிறது.